குழாய் பிடிக்கிறவன்

"உயிரைப் பணயம் வச்சாத்தானே பாய் சங்கு கிடைக்கும்? ஏன் இன்னும் இறங்காம நிக்கீரு?" என்று கேட்டார் சிவபாலன். சாத்தான்குளத்தில் கடை வைத்திருந்தவர். சங்கு குளிக்கிற இந்தப் படகை வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது.

யஹ்யாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யாரு உயிர அண்ணாச்சி பணயம் வைக்கீரு? ஒம்ம உயிரயா? கடலுக்கடியில எனக்கு இந்தக் குழாய் வழியாத்தான் மூச்சு வருது. மேல பிடிக்கவன் கொஞ்சம் அசந்தாலும் என் கதை முடிஞ்சுது!"

"அதுக்குத்தானே சர்டிபிகேட் வாங்குன ஆளக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"சர்டிபிகேட்டா எனக்கு மூச்சு குடுக்கும்? அந்த ஆளு வேண்டாம்."

"அப்போ அந்தா இருக்காரே அஸ்கர், அவரு பிடிக்கட்டும்."

"அவனா? அயோக்கியப் பய! என் வீட்டு நடைவழிய மறிச்சுச் சுவரு வச்சவன். நேத்துக்கூட நடுத்தெருவுல என் சட்டையப் பிடிச்சான். மூணு வருசமாப் பேச்சுவார்த்தை கிடையாது."

"சரி, அவரையும் இறக்கி விட்டுருதேன்."

"யார இறக்குதீரு? குழாய அவன்ட்ட குடும்வே!"

சிவபாலன் திருதிருவென்று விழித்தார்.

"அவன் லாத்தா, கூடப் பொறந்த அக்காதான் எம் பொண்டாட்டி. கரையில என்னைய என்ன வேணும்னாலும் செய்வான். தண்ணிக்குள்ள வச்சு அவள விதவையாக்க மாட்டான்."

அஸ்கர் குழாயை வாங்கி முழம் முழமாகத் தடவிப் பார்த்தான். யஹ்யா பக்கம் திரும்பவேயில்லை.

"சட்டுனு இறங்கச் சொல்லும் அண்ணாச்சி. எங்க லாத்தா சோறாக்கி வச்சுக்கிட்டுக் காத்திருப்பா."