முந்நூறு லைஃப் ஜாக்கெட்

"பாருங்க, அந்த அல்லேலூயா அக்கா ஒருத்தியால நம்ம எல்லாருக்கும் சனிக்கிழமை லீவு போகப் போகுது!"

தையல் கூடம் முழுக்க இதே பேச்சு. அக்காவின் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகப் பேசினார்கள்.

படகில் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் தைக்கிற கம்பெனி அது. தைத்து வருவதைச் சோதித்து முத்திரை குத்துவது அக்காவின் வேலை. ஜாக்கெட்டின் இடுப்பு பெல்ட்டில் பத்துக் கிலோ கல்லைத் தொங்கவிடுவார். தையல் தாங்கினால் முத்திரை.

அன்றைக்கு வந்தது முந்நூறு. எடுத்துப் பார்த்த பத்தில் நாலு தாங்கவில்லை. நூல் பிரிந்து, கல் தொப்பென்று விழுந்தது. மொத்தத்தையும் பிரித்துத் தைக்கச் சொல்லி ஒதுக்கி வைத்துவிட்டார். சனிக்கிழமையும் வந்து தைத்தால்தான் முடியும்.

வாசலில் லாரி காத்துக்கொண்டிருந்தது. மேனேஜர் வந்தார்.

"ஏம்மா, இதை மாட்டிக்கிட்டு ஆயிரம் பேர் படகுல போவாங்க. தண்ணியில விழறது யாரோ ஒருத்தன்."

"அந்த ஒருத்தருக்காகத்தானே சார் இதைத் தைக்கிறோம்?"

மேனேஜர் கோபப்படவில்லை. சிரித்தபடி பக்கத்தில் வந்தார்.

"பதினோரு வருஷமா நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறே. முட்டி தேஞ்சு போச்சாமே? சூப்பர்வைசர் சீட் காலியாத்தான் இருக்கு. உட்கார்ந்து பார்க்கிற வேலை. இந்த ஒரு லோடு மட்டும் போகட்டும்."

அதைக் கேட்டதும் அக்காவுக்கு முட்டி விண்விண்ணென்று தெறித்தது.

பக்கத்து மிஷின்காரி குனிந்து கிசுகிசுத்தாள். அவளும் அதே சபைதான். பாடகர் குழுவில் முதல் வரிசை.

"குத்திடுங்கக்கா. வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டா கர்த்தர் மன்னிக்க மாட்டாரா என்ன?"

"மன்னிப்பாருன்னு தெரிஞ்சே செய்யறது, அவரை ஏமாளியாக்குறது இல்லையாடி?"

வாய் என்னவோ அப்படிச் சொன்னது. கை அதற்குள் முத்திரைக் கட்டையை எடுத்து மையில் ஒற்றிவிட்டிருந்தது.

அக்கா திடுக்கிட்டுப் போனார். "ரெண்டு நிமிஷம் சார்" என்று பாத்ரூமுக்குள் நுழைந்தார். குழாயைத் திறந்துவிட்டு, சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"ஆண்டவரே, பொய் சொல்லலை, எனக்கு அந்த நாற்காலி வேணும். ரொம்பவே வேணும். நான் விழுந்துடாமப் பிடிச்சுக்கங்க."

பதில் குரல் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்தான் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் குழாயை மூடிவிட்டு நேராக மேஜைக்கு வந்தார். கட்டையை மேனேஜர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"என்னால முடியாது சார்."

லாரி காலியாகத் திரும்பியது. மறுநாளே அக்காவை நூல் பிசிறு வெட்டுகிற மேஜைக்குத் தூக்கிப் போட்டார்கள். புதிதாக வந்தவர் கல்லைத் தொடவே இல்லை. அரை மணியில் முந்நூறுக்கும் முத்திரை விழுந்து கிடங்குக்குப் போனது. வெள்ளிக்கிழமை லாரி மறுபடி வரும் என்றார்கள்.

அக்கா திரும்பவும் போய்ச் சொல்லிப் பார்த்தார். "உன் வேலையைப் பாரு" என்றார் மேனேஜர்.

"ஊரோட ஒத்துப்போகத் தெரியுதா உனக்கு?" என்று வீட்டுக்காரரும் அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே முட்டிக்குத் தைலமும் தேய்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேனேஜர் தனியாக அக்காவின் மேஜைக்கு வந்தார். இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டார்.

"ஒரு லைஃப் ஜாக்கெட் வேணும்மா. என் பொண்ணு நாளைக்குக் கூடப் படிக்கிறவங்களோட படகுல போறா. நீச்சல் தெரியாது அவளுக்கு."

"கிடங்குல முந்நூறு இருக்கே சார். முத்திரையோட."

அக்கா குத்தலாகச் சொல்லவில்லை. மேனேஜருக்குத்தான் குத்தியது. குரலைத் தாழ்த்தினார்.

"அதுல வேண்டாம்மா. நீ பார்த்ததா ஒண்ணு குடு."

அக்கா எழுந்து போய், பழைய இருப்பிலிருந்து ஒன்றை எடுத்தார். கல்லைத் தொங்கவிட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பெல்ட்டைக் கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு நீட்டினார்.

"பாப்பா பத்திரமாப் போயிட்டு வரட்டும் சார். ஜெபம் பண்ணிக்கிறேன்."

மேனேஜர் வாங்கிக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"சார், அந்த முந்நூறுல ஒவ்வொண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளைக்குத்தான் போகுது."

 மேனேஜர் கையிலிருந்த ஜாக்கெட்டின் பெல்ட்டைத் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கிடங்குக்காரரைக் கூப்பிட்டார்.

"லாரியில எதையும் ஏத்தாதே. முந்நூறையும் மறுபடி சோதிக்க அக்காகிட்ட அனுப்பு."