கேப்டன் ஸ்கூட்டர்

அரிசி மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாகச் சுமந்து சுமந்து சலித்துப்போன ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அதைப் பட்டாள வண்டியாக்கிவிட வேண்டுமென்று சொந்தக்காரர் ஞானசிகாமணிக்கு ஆசை வந்துவிட்டது. வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினார். பச்சைப் பெயின்ட் அடித்தார். இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி வைத்து வெல்டிங் செய்தார். முன்னால் பிளாஸ்டிக் குழாயில் ஒரு பீரங்கி வேறு.

"அண்ணே, இனிமே நாம யாருன்னு ஊருக்கே தெரியும்!" என்று பின்னாலிருந்த ஸ்டெப்னி டயர் பூரித்தது.

"எனக்கு ஒரு புது பிளக் போட்டாப் போதும்டா தம்பி," என்றது ஸ்கூட்டர். "இருமி இருமி ஓஞ்சு போயிட்டேன்."

பெயின்ட் காய்ந்ததும் ஞானசிகாமணி ஏறி உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. வழக்கம்போல ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்துவிட்டு உதைக்கலாமென்று பார்த்தால், பெட்டி தரையில் இடித்தது. சாய்த்தால்தான் கிளம்புகிற வண்டிக்குச் சாயவே வழியில்லை. வேர்த்து விறுவிறுத்து, பஸ் பிடித்துக் கடைத்தெருவுக்குப் போனார்.

"பிளக் வாங்கத்தான் போறாரு," என்றது ஸ்கூட்டர். அதன் குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

சாயங்காலம் சின்னப் பொட்டலத்தோடு திரும்பினார். குத்தவைத்து உட்கார்ந்து பிரித்தார். உள்ளே மூன்று பித்தளை நட்சத்திரங்கள். ஸ்கூட்டரின் நெற்றியில் வரிசையாக ஒட்டிவிட்டு, தள்ளி நின்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"அண்ணே, கேப்டன் ஆயிட்டீங்க!" என்று ஸ்டெப்னி கத்தியது.

"ஆமாண்டா," என்றது ஸ்கூட்டர். "இனிமே தள்ளிக்கிட்டுப் போறவங்க கொஞ்சம் மரியாதையாத் தள்ளுவாங்க."