மருந்து போடாத குழி

சோதனைத் தட்டில் எத்தனை குழி இருந்தாலும், முதலில் மருந்து போடாத குழியைத்தான் பார்க்க வேண்டும். அதில் கிருமி வளர்ந்திருந்தால்தான் மற்றக் குழிகளின் கணக்கை நம்பலாம்.

வளர்ந்திருந்தது. மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, சிவப்பணுக்களுக்குள் ஊதாச் சாயம் ஏறி, பல துண்டுகளாகப் பிளந்து, வெடிக்கத் தயாராக இருந்தது. தம்பி எதிலும் அவசரக்காரன். அவனுடைய மலேரியாக் கிருமியும் அப்படித்தான்.

காய்ச்சலோடு அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எடுத்த ரத்தம் அது. அவன் இறந்துபோன பிறகும் ஆய்வகத்தின் ஃப்ரீசரில் கிடந்தது. அங்கே மருந்துகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கும் அக்கா அதை வெளியே எடுத்தாள். இருவருக்கும் ஒரே ரத்தவகை என்பதால் தன் ரத்தத்தையே கொடுத்து வளர்த்தாள். ஜாடிக்குள் மெழுகுவத்தியை ஏற்றி மூடி, அது தானாக அணைந்து காற்று மந்தமானால்தான் இந்தப் பிறவிகள் செழிக்கும். அதையும் செய்தாள். பாம்புக்குப் பால் வார்த்த கதைதான்.

எல்லாம் தம்பி மனைவியின் நிம்மதிக்காக. அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது வீட்டில் பழைய மலேரியா மாத்திரை ஓர் அட்டை இருந்தது. அவள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இப்போதும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெஞ்சின் நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

பதில் அக்காவுக்கு முன்பே தெரியும். இந்த வட்டாரத்தில் அந்த மாத்திரை செல்லாக்காசு. இதே மேசையில் சோதித்த கிருமி ஒன்றுகூட அதைச் சட்டை செய்ததில்லை.

அடுத்த ஸ்லைடை வைத்தாள். பழைய மாத்திரையை இருப்பதிலேயே குறைவாகக் கலந்த குழி.

கருகிய புள்ளிகள் மட்டும் இருந்தன.

ஸ்லைடு மாறிவிட்டதோ என்று எண்ணைப் பார்த்தாள். மாறவில்லை. லென்சைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஊர்க் கிருமியெல்லாம் ஏப்பம் விட்ட மருந்துக்கு, தம்பியின் கிருமி தொட்டதும் சுருண்டிருந்தது.

கையுறையைக் கழற்றவே வெகுநேரம் பிடித்தது.

அவள் வெளியே வந்ததும் தம்பி மனைவி எழுந்து நின்றாள். அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"கேட்டிருக்காதும்மா," என்றாள் அக்கா. "எத்தனை குடுத்திருந்தாலும் அந்த மாத்திரைக்குக் கேட்டிருக்காது."

தம்பி மனைவி பெஞ்சில் சரிந்து, இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணி. அது வேலைக்காகாத மருந்து, குடுக்காத, தூக்கிப் போடுன்னு அன்னைக்கு ஃபோன்ல சொன்னீங்கல்ல... இத்தனை நாளா உங்களைத்தான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன்."

அக்கா தன் கைகளை மெல்ல உருவிக்கொண்டாள்.