திரைக்கு வராத மாப்பிள்ளை

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க விருந்தாளிகள். என் தங்கைக்குப் பார்த்திருக்கும் மாண்ட்ரியல் மாப்பிள்ளை ஷெஹாப் கணினித் திரையில் வந்ததும் ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்ய வேண்டும். கைப்பேசியில் முகம் தெரியாத காலம் அது. இருந்ததோ என் பழைய லினக்ஸ் லேப்டாப். அதில் வைஃபை வரவில்லை.

“அக்கா, கிடைச்சிடுமா?” லேப்டாப்பை மடியில் பிடித்திருந்த என் தங்கை யுஸ்ராவுக்கு உதடு நடுங்கியது.

“பயப்படாதடி. நேத்துகூட வந்துச்சே.”

பாஸ்வேர்டை மறுபடி அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

“காசு குடுக்காம வாங்குன லினக்ஸ் இப்படித்தான் காலை வாரும்” என்றாள் மங்கியா சித்தி, மக்ரூத் இனிப்பை மென்றபடி. “பாரு, பொண்ணு வெளுத்துப் போயிட்டா.”

“சீக்கிரம்மா! பையன் வேலைக்குக் கிளம்பிடுவான். இன்னிக்கு விட்டா இந்தச் சம்பந்தம் போச்சு!” அப்பா வாசலிலிருந்து கத்தினார்.

யுஸ்ராவின் கண்ணில் நீர் தளும்பியது. “கிடைச்சிடுமா அக்கா?”

கடைசியாக ஒரு கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். வைஃபையில் கோளாறே இல்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள வைஃபை சுவிட்சை யாரோ அணைத்திருக்கிறார்கள்.

அந்தச் சுவிட்சின் மேல்தான் யுஸ்ராவின் கை இருந்தது, முதலிலிருந்தே. விலக்கப் பார்த்தேன். சில்லிட்ட விரல்கள் விடவில்லை.

“இந்தக் கல்யாணம் வேணாமாடி?” என்றேன் காதோடு.

வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவள் கையின் மேல் என் கையையும் வைத்து, சுவிட்சை நன்றாக மறைத்தேன்.

“அப்பா, இது இன்னிக்கு வராது. எல்லாரையும் சாப்பிட உட்காரச் சொல்லுங்க.”