ஐப்பசிக்குப் பனிப்பாடம்

கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எறும்புப் பள்ளியின் பவளம் டீச்சருக்குக் கால் தரிக்கவில்லை. முட்டையைத் தூக்கிக்கொண்டு வேம்பில் ஏறும் வரிசையைப் பிள்ளைகள் இன்னும் சரியாகப் பழகவில்லை.

"மழைப்பாடமா நடத்துறீங்க?" என்றார், தலைநகரத்துக் கல்வி அமைச்சகத்திலிருந்து பார்வையிட வந்த கட்டெறும்பு அதிகாரி. "நாடு முழுக்க அது ஆடியில். ஐப்பசிக்குப் பனிப்பாடம்னு போட்டிருக்கே!"

"தலைநகரில் ஆடியில் பெய்யும் சார். இங்கே அப்போ புழுதிதானே பறக்குது? மழை இப்பத்தான் வரும்."

"எல்லாப் புற்றுக்கும் ஒரே பாடம், டீச்சர். ஊருக்கு ஒரு மழைன்னு அமைச்சகம் அலைய முடியுமா? நிறுத்துங்க, இல்லேன்னா மேலே எழுதிடுவேன்."

வேலை போய்விடுமோ என்று பவளம் தயங்கினாள். அதற்குள் முதல் துளி கல்லாக விழுந்தது.

"ஏறுங்க பிள்ளைகளா!" என்று கத்தினாள்.

வரிசை தடுமாறினாலும் உடையாமல் ஏறியது. கடைசிக் குட்டியின் பின்னங்காலைப் பிடித்தபடி அதிகாரியும் ஏறினார்.

கீழே புற்று கரைந்துபோனது. கிளையில் பவளம் பிள்ளைகளை இரண்டாம் முறையாக எண்ணிக்கொண்டிருந்தபோது, அதிகாரி நடுங்கிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், இன்னிக்குப் பனிப்பாடம்தான் நடந்துச்சுன்னு எழுதிக்கிறேன், என்ன?"