பத்துச் சோகம் வேண்டும்

நான்காவது மாணவனாக நான் அழுதுகொண்டிருந்தபோது மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

சாப்பாட்டு மேசை முழுக்கத் துண்டுச் சீட்டுகள். என்ன கூத்து இது என்று கேட்டாள்.

சொன்னேன். நான் கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அவளும் அங்கேதான் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாணவர்கள் தங்கள் மனக்கஷ்டத்தை எழுதிப் போடுவதற்கென்று மாடிப்படி அருகே ஒரு பெட்டி தொங்குகிறது. மாட்டியதோடு சரி, சாவி போன இடம் சாவிக்கே தெரியாது. திங்கட்கிழமை மாணவர் நலக் குழு பார்வையிட வருகிறது என்றதும் நேற்று பூட்டை உடைத்தோம். உள்ளே இருந்தவை மிட்டாய்க் காகிதம், பஸ் டிக்கெட், மீசையோடு வரைந்த கல்லூரி முதல்வர் அம்மையாரின் படம்.

அம்மையார் படத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். குழு வருவதற்குள் பெட்டியில் பத்துச் சோகமாவது இருக்க வேண்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்.

சோகம் என்ன கடையிலா விற்கிறது? ஒவ்வொன்றுக்கும் ஒரு டீ தேவைப்பட்டது. 'கணக்கு வாத்தியாரைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது' என்று ஒன்று. 'காதலி கைவிட்டுவிட்டாள், விடுதிச் சாப்பாடுதான் கைவிட மாட்டேன் என்கிறது' என்று இன்னொன்று. இது நானே ரசித்தது.

சிக்கல் கையெழுத்தில். பத்தும் ஒரே கையில் இருந்தால் குட்டு உடைந்துவிடும். இடது கையால் எழுதிப் பார்த்தேன், கோழி கிண்டியதுபோல வந்தது. ஒரு மூன்று எழுதிக் கொடேன் என்று மகளிடம் கெஞ்சினேன்.

பேனாவை எடுத்தவள் தயங்கினாள்.

"இதை யாராவது படிப்பாங்களாப்பா?"

"எண்ணுவாங்கம்மா. எவன் உட்கார்ந்து படிக்கப் போறான்? தைரியமா எழுது."

எழுதினாள். டீ கேட்கவில்லை, மேலே பார்த்து யோசிக்கவில்லை. நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் மூன்றும் தயார். எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று பெருமையாக இருந்தது.

பிழை பார்ப்பது தொழில் புத்தி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

'வகுப்பில் எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.'

பலே என்றேன்.

'சாப்பாட்டு மணி அடித்ததும் நூலகத்தின் பின்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். யாராவது வந்தால் போனில் பேசுவதுபோல நடிக்கிறேன்.'

அந்த போன் பிரமாதம், எப்படித்தான் தோன்றியதோ என்று பாராட்டினேன்.

மூன்றாவதை எடுத்தேன்.

'இரண்டு மாதமாகக் காலையில் கண் விழிக்கவே பிடிக்கவில்லை. அப்பாவிடம் சொல்லலாம். நல்லவர்தான். ஆனால் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவார்.'

அதில் பிழை ஒன்றும் இல்லை.

மறுபடி வாசித்தேன். ஏதாவது சொல்லியாக வேண்டும். வாய்க்கு முதலில் வந்தது ஒரு ஜோக். அதை விழுங்கினேன். அடுத்து வந்ததும் ஜோக்தான்.

நிமிர்ந்து பார்த்தேன்.

மகள், சிரிப்பதற்கு முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.