காலருக்கு அடியில்

"அந்தச் சீட்டு என் வூட்ல இருக்கக் கூடாது" என்றார் அப்பா.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டைவிட்டு வீட்டில் உட்கார்ந்த வருஷம் அது. மூணு வருஷம் ஆகிறது.

பட்டாளத்திலிருந்த அத்தானுக்கு ஜான்சிக்கு மாற்றல். குவார்ட்டர்ஸ் கிடைத்தது, லீவு கிடைக்கவில்லை. காந்தா அக்காவைக் குழந்தை உமாபதியோடு ரயிலேறச் சொல்லி எழுதியிருந்தார். கூடவே ஒரு சீட்டு. உமாபதி பெயர், அவர் பெயர், ரெஜிமெண்ட், ஜான்சி எல்லாம் இந்தியில். வழியில் பிள்ளை தொலைந்தால் அங்கே தமிழ் படிக்க ஆளில்லை, இதைச் சட்டையில் குத்தி அனுப்பவும் என்று எழுதியிருந்தார்.

அப்பா அறுபத்தஞ்சில் ரயிலடி போர்டில் இந்திக்குத் தார் பூசியவர். சீட்டைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டு தறிக்குப் போய்விட்டார்.

அக்கா அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேரனவிட கட்சியாப்பா பெருசு உனுக்கு?"

தறி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா பாவம், ஓமத்தண்ணி, சுக்கு, டார்ச் லைட், கொடிக்கயிறு என்று ஆபத்துக்கு ஒரு பை நிறைய அடுக்கினாள்.

கிளம்பும் அன்று அப்பாவே உமாபதிக்கு நீலச் சட்டை மாட்டிவிட்டார். "ஊர் போய்ச் சேர்ற வரிக்கும் கழட்டாதமா" என்றார் அக்காவிடம்.

"ரெண்டு நாளா? நாறிடும்பா" என்றேன். முறைத்தார்.

ரயிலடியில் இன்னும் மோசம். காலரைத் தூக்கிக் காட்ட அவனுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். மூணு வயசுப் பிள்ளைக்கு ரௌடித்தனம். எனக்கு மானமே போனது.

பத்து நாள் கழித்து அக்காவின் கடிதம். நான்தான் உரக்கப் படித்தேன்.

இட்டார்சியில் அக்கா கண்ணயர்ந்த நேரம் உமாபதி இறங்கிவிட்டானாம். போர்ட்டர்கள் சுற்றி நின்று என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். அவன் காலரைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். அடியில் அரக்குப் பட்டு நூலில் இந்தி எழுத்து. ஜான்சி என்று படித்ததும் தூக்கிக்கொண்டு அக்காவின் வண்டிக்கே ஓடிவந்துவிட்டார்களாம்.

'அலமு, நீதானே தைத்தாய்? நன்றாயிரு' என்று முடித்திருந்தாள்.

நான் ஊசியைத் தொட்டதே இல்லை. அந்த வாரம் அரக்கு நூல் ஓடியது எங்கள் தறியில்தான்.

தறிச் சத்தம் அப்படியே நின்றுபோனது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்பா தலை நிமிரவில்லை. "மூணாவது எழுத்து கொஞ்சம் கோணிக்கினு போச்சு" என்றார். "அவங்களுக்குப் புரிஞ்சிதாமா?"